மலிவுப் பெட்டியும் குங்குமப் பொட்டும்

மலிவான டிஜே பெட்டி நல்லதா கெட்டதா என்று சொல்லுகிற தொழிலில், நல்லது என்று சொன்ன நாளிலிருந்துதான் நித்திரை போகும்.

கொன்ட்ரோலர் என்பார்கள். லப்டொப்பில் கிடக்கிற பாட்டைக் கையால் கூட்ட, குறைக்க, ஒன்றோடு ஒன்றைச் சேர்க்க உள்ள பெட்டி. நான் கிளிநொச்சியில் அம்ப்ளிபையர் திருத்துகிறவன். வாங்க முதல் என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர்களே, உங்களுக்கு இது விளங்கும். மேடையில் சத்தம் நின்றால் பெட்டியைச் செய்தவனை ஒருவரும் தேடுவதில்லை. பார்த்துச் சொன்னவனைத்தான் தேடுவார்கள்.

குலுக்கிப் பார்த்தல்

என் சோதனை சுருக்கம். காதருகே வைத்துக் குலுக்குவேன். உள்ளே கிலுகிலு என்றால் கழன்ற திருகாணி. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற தள்ளுகட்டைகளைப் பக்கவாட்டில் ஆட்டுவேன். ஆடினால் ஆறு மாதம். வயர் செருகும் வாயை அசைப்பேன். அது உடம்போடு பூட்டியிருக்க வேண்டும். ஈயப்பற்றில் மட்டும் நின்றால் சரிவராது. மினுங்குகிற லைட்டுகளை நான் பார்ப்பதேயில்லை.

பரந்தனில் இருந்து ஒருவர் வந்தார். வெளிநாட்டில் இருந்து மச்சான் அனுப்பிய பெட்டி. குலுக்கினேன். கிலுகிலு. அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அவர் தானும் குலுக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"மேல 'உடையும் சாமான், கவனம்' எண்டு மச்சான் எழுதி அனுப்பினவர். அண்ணை, அவருக்கு முதலே தெரிஞ்சிருக்கு."

உப்புக் காற்று

முல்லைத்தீவில் கடற்கரையோடு வீடு, மீன்பிடிக்காரர். போன வருடம் நான் நல்லது என்று சொன்ன பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். குமிழ்கள் திருப்ப முடியாமல் இறுகிக் கிடந்தன. திறந்தேன். வெளியே பிளாஸ்டிக் புத்தம் புதிது. உள்ளே எல்லாம் துரு. குலுக்கினேன், ஆட்டினேன், கடலை யோசிக்கவில்லை. அதை அவரிடம் ஒத்துக்கொள்ளாமல் துருவைச் சுரண்டத் தொடங்கினேன். அவர் ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். ஏசவில்லை.

"ஐயா, வள்ளத்து மெசினுக்குப் பூசுற கிறீஸ் கொஞ்சம் கிடக்கு, பூசிப் பாப்பமே?"

சுகந்தியின் கேள்வி

அதற்குப் பிறகு யாருக்கும் ஓம் சொல்லப் பயம். அந்த நேரம் பார்த்துத்தான் கண்டாவளையில் இருந்து சுகந்தி வந்தாள். கார்மென்ட் வேலையை விட்டுவிட்டாள். வவுனியா நெளுக்குளத்தில் ஒரு கலியாணத்துக்குப் பாட்டுப் போட ஒப்புக்கொண்டிருந்தாள். தாய் ஒரு நிபந்தனையோடுதான் விட்டிருந்தா: முதல் கலியாணத்தில் பெட்டி கைவிட்டால் அடுத்த நாளே திரும்பக் கார்மென்ட்.

கடைக்காரர் இரண்டு பெட்டி கொடுத்து விட்டிருந்தார். ஒன்று கலர் கலராக மினுங்கியது. மற்றது கறுப்பு, கனம். குலுக்கினேன். ஆட்டினேன். கண்டாவளை வயல் ஊர்; கடலை யோசிக்காமல் விட்டவன் வயலையும் விடுவேனா? நெல்லு வெட்டுகிற காலத்துத் தூசை நினைத்து, தள்ளுகட்டை ஓடுகிற பிளவுகளுக்குள் டோர்ச் அடித்தும் பார்த்தேன். கறுப்பைக் காட்டினேன். அவள் பெட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ ஐயா. நீங்கள் ஓமெண்டால் பெட்டி, இல்லையெண்டால் தையல் மெசின்."

நெளுக்குளம் மண்டபம்

ஓம் என்றுவிட்டேன். கலியாணத்துக்கு எனக்கு அழைப்பில்லை. வவுனியாவில் சாமான் வாங்க வேண்டும் என்று வீட்டில் சொல்லி பஸ் ஏறினேன். பின் வாசலால் போனால், சுகந்தி வெளிறிப்போய் நிற்கிறாள். இடப்பக்கத் தள்ளுகட்டையை அசைத்தாள். ஸ்பீக்கரில் கடுகு வெடிக்கிற மாதிரிக் கரகரப்பு. முன்வரிசை காதைப் பொத்தியது. கலியாணப் பொம்பிளை வர இன்னும் கால் மணித்தியாலம்.

குனிந்தேன். இடப்பக்கத்தில் சந்தனம், அதன்மேல் பென்னாம் பெரிய குங்குமப் பொட்டு. காய்ந்து உதிர்ந்து பிளவுக்குள் இறங்கியிருந்தது.

"ஆர் வைச்சது?"

"அம்மா. கோயிலில பூசை செய்விச்சவா. புதுச் சாமான் எல்லே ஐயா."

மோட்டார் சைக்கிளுக்கு வைக்கிறோம், உழவு மெசினுக்கு வைக்கிறோம். இதற்கு மட்டும் விடுவார்களா? கடல், தூசு எல்லாம் யோசித்தேன். தாயை யோசிக்கவில்லை.

கழற்றித் துடைக்க நேரமில்லை. "இடப்பக்கத்தைத் தொடாதை பிள்ளை. வலப்பக்கத்தால மட்டும் போடு" என்றேன். இரண்டு பக்கத்தாலும் மாறி மாறிப் போட்டால்தான் பாட்டு அறாமல் ஓடும்; ஒரு பக்கம் மட்டும் என்றால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஏற்றும் வரை மண்டபம் ஊமை. சுகந்தியின் தாய் மூன்றாம் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தா. பொம்பிளை வந்தாள். முதல் பாட்டு முடிந்தது. அமைதி.

சட்டென்று, கலியாணத்துக்கு வந்திருந்த மேளக்காரரின் நாதஸ்வரம் எழும்பியது. தவில் சேர்ந்தது. சுகந்தி அடுத்த பாட்டை ஏற்றிக் கை காட்டினாள், அவர்கள் நிறுத்தினார்கள். முன்கூட்டியே பேசி வைத்தது என்று நினைத்துச் சபை தலையாட்டியது. இப்படியே கடைசி வரை. எங்கள் கரகரப்பைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்த நாதஸ்வரக்காரர், வாயில் வைத்து ஊதுகிற சீவாளியைத் துடைத்தபடி அவளிடம் சொன்னார்:

"பயப்பிடாதை தங்கச்சி. உன்ர பெட்டி மூச்சு வாங்கேக்க நாங்கள் மூச்சு விடுறம்."

தாயின் தீர்ப்பு

பந்தி முடிய தாய் எங்களிடம் வந்தா. சுகந்தி வயர் சுற்றுகிற சாட்டில் நிமிரவில்லை. பிளவைக் காட்டினேன். குங்குமம் உள்ளே போனதைச் சொன்னேன். பிழை என்னுடையது, துணி போட்டு மூடி வைக்கச் சொல்லாமல் விட்டேன் என்றும் சொன்னேன். நான் பிழை ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. அன்றைக்கு ஒத்துக்கொண்டேன். அவா பெட்டியை ஒருக்கால் பார்த்தா, மகளை ஒருக்கால் பார்த்தா.

"நான் பொட்டு வைச்சபடியாலதான் மற்றப் பக்கமாவது பாடினது. அடுத்த கலியாணத்துக்கு ரெண்டு பக்கமும் வைச்சுவிடுறன்."

இப்போதெல்லாம் யார் பெட்டி கொண்டுவந்தாலும், குலுக்க முதல் நான் கேட்பது, வீட்டில் பூசை செய்விக்கிறது ஆர் என்பதைத்தான்.