ஒகிரி கொண்டுவந்த காரம்

உராசாகித் துறைமுகத்தில் ஒகிரியைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. அவளைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவர்கள்தான் குறைவு. மீன்பிடிக்கிறவனின் மகள், படகோட்டி யசோஜியின் மனைவி. வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். சோயாப் பாலை உறைத்துக் கட்டியாக்கி விற்கிற என் டோஃபு கடைக்கு நேர் எதிரே அவள் கடை. ஆகையால் நான் சொல்வதில் பாதிக்கு மேல் என் கண்ணால் பார்த்தது.

பரங்கிக் கப்பல் எங்கள் துறையில் நங்கூரம் போட்ட வருடங்களில், அதன் சமையற்காரனுக்கு மீனும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தான். அவனுக்கு நம் பேச்சு தெரியாது, இவளுக்கு அவன் பேச்சு தெரியாது. ஆனாலும் முட்டையை உடைத்து மாவில் கலக்குவது, அதில் மீனைத் தோய்த்து எண்ணெயில் போடுவது, மாட்டிறைச்சியை வேகவைப்பது எல்லாவற்றையும் பார்த்தே படித்துக்கொண்டாள். கப்பல் கிளம்பியபோது ஒரு பை நிறைய உலர்ந்த மிளகாயைக் கேட்டு வாங்கி வந்தாள். அதில் இருந்த விதையை வீட்டுக் கொல்லையில் தூவினாள். நாங்கள் அதற்குப் பரங்கிக் காரம் என்று பெயர் வைத்தோம்.

கடை போட்ட புதிதில் தெருவே சிரித்தது.

"விளக்குக்கு ஊத்துற எண்ணெயில மீனைக் குளிப்பாட்டுறா பாரு," என்றாள் வலை பின்னுகிற ஒனுயி.

"நீ வந்து ஒரு துண்டு தின்னு பாரு. அப்புறம் உன் வீட்டு விளக்கு இருட்டாத்தான் கெடக்கும்," என்றாள் ஒகிரி.

ஒனுயி ஒரு துண்டு தின்றாள். மறுநாள் தன் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அப்படித்தான் பொரித்த மீன் எங்கள் தெருவுக்குள் வந்தது. ஆனால் மிசோ என்கிற புளித்த சோயா விழுதில் மிளகாயை அரைத்து ஓரத்தில் வைப்பாளே, அதைத் தொட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. யசோஜி மட்டும் தொட்டுத் தொட்டுத் தின்பான். மூக்கு ஒழுகும், கண் சிவக்கும், வாய் சிரித்தபடியே இருக்கும்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒருநாள் நண்பகல், கோட்டைக் காவல் தலைவன் ஹயாசே தன் ஆட்களோடு கடைக்கு வந்தான். எங்கள் பிரபுவின் கீழ் நல்ல பெயர் வாங்கிய வாள்வீரன். சாகே என்கிற அரிசிச் சாராயம் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. பொரித்த மீனை எடுத்தவன், ஓரத்தில் சிவப்பாக இருந்த விழுதை முழுசாக அதில் வழித்து வாயில் போட்டுக்கொண்டான்.

யசோஜி பதறிவிட்டான். "ஐயா, ஐயா, அத அப்படித் திங்கக் கூடாதுங்க..."

ஹயாசேயின் முகம் கருஞ்சிவப்பாக மாறியது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "விஷம்!" என்று கத்த முயன்றான், குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. அவன் ஆட்கள் வாளை உருவினார்கள்.

"விஷம் இல்லீங்க, இதோ பாருங்க," என்று யசோஜி ஒரு பிடி விழுதை அள்ளித் தன் வாயில் வைத்தான். வைத்த கை இறங்கவில்லை. ஹயாசேயின் வாள் அவன் தோளில் விழுந்து மார்பு வரை இறங்கியது. எண்ணெய்ச் சட்டிக்குள் தெறித்த இரத்தம் சடசடவென்று பொரிந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஹயாசே தரையில் உட்கார்ந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டு சாவுக்காகக் காத்திருந்தான். சாவு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் எரிச்சல் அடங்கியது. யாரோ கொடுத்த தண்ணீரைக் குடித்தான். எதிரே கிடந்த பிணத்தைப் பார்த்தான். ஒரு காய்க்குப் பயந்து ஒரு மனிதனை வெட்டிவிட்டோம் என்பது அப்போது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதைத்தான் அவனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. "இந்தப் பொம்பளைய இழுத்துட்டு வாங்கடா. பரங்கிக்காரன் கூலி குடுத்து விஷம் வைக்கச் சொல்லியிருக்கான்," என்றான்.

ஒகிரியைக் கையைப் பின்னால் கட்டி நகர அதிகாரியின் முற்றத்துக்கு இழுத்துப் போனார்கள். போகிற வழியில் ஈட்டிக் கட்டையால் அடித்ததில் முன்பல் இரண்டு போயிற்று. அதிகாரி வயதானவர், சுருக்கமாகப் பேசுகிறவர்.

"இது விஷமா?"

"இல்லீங்க."

"அப்படின்னா தின்னு."

ஒரு கிண்ணம் நிறைய மிளகாயை அவள் முன்னால் வைத்தார்கள். கைக்கட்டை அவிழ்த்துவிட்டார்கள். உடைந்த பல்லின் காயத்தோடு, இரத்தம் வழிகிற வாயோடு, அவள் ஒவ்வொன்றாக மென்று விழுங்கினாள். ஊரே வேலிக்கு வெளியே நின்று பார்த்தது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. புருஷன் விழுந்ததிலிருந்து அவள் அழவில்லை. அது காரத்துக்கு வந்த கண்ணீரா வேறா என்று அங்கே நின்ற யாராலும் சொல்ல முடியவில்லை. கிண்ணம் காலியானதும் கவிழ்த்து வைத்துவிட்டு அதிகாரியைப் பார்த்தாள்.

"வீட்டுக்குப் போலாம்," என்றார் அவர். ஹயாசேக்குக் கொஞ்ச நாள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று உத்தரவு. அதுதான் தண்டனை. ஒரு படகோட்டியின் உயிருக்கு அதற்கு மேல் யாரும் கேட்கவும் இல்லை.

ஒகிரி யசோஜியைப் புதைத்துவிட்டுக் கடையைத் திறந்தாள். "மூடிட்டு எங்கண்ணே போக?" என்றாள் என்னிடம். கொல்லையில் மிளகாய்ச் செடி மட்டும் அடுத்த வசந்தத்தில் முன்னைவிட அதிகமாகப் போட்டாள். காய்த்ததையெல்லாம் உலர்த்தி மூட்டை கட்டினாள். யாருக்கு என்று நான் கேட்டால் அடுத்த மூட்டையைக் கட்டப் போய்விடுவாள்.

அதற்கு மறு வருடம் அறுவடைக்கு முன்னாலேயே வடக்குப் பிரபுவின் படை வந்துவிட்டது. நகரத்துக்குத் தீ வைத்தார்கள். என் கடை எரிவதைப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினேன். ஓட முடியாதவர்களைத் தெருவிலேயே குத்திப் போட்டார்கள். ஒனுயியின் மாமியார் அப்படித்தான் போனாள். மிச்சமிருந்தவர்கள் கோட்டைக்குள் புகுந்தோம். எல்லோரும் அரிசி, போர்வை, சாமி படம் என்று தூக்கிவந்தபோது ஒகிரி தன் இரும்புச் சட்டியையும் மிளகாய் மூட்டைகளையும் முதுகில் கட்டிக்கொண்டு வந்தாள்.

முற்றுகை நீண்டது. அரிசி தீர்ந்தது, பிறகு தினை தீர்ந்தது. சுவர் மண்ணில் கலந்திருந்த வைக்கோலை உருவி வேகவைத்துத் தின்றோம். துப்பாக்கிக் குண்டில் செத்தவர்களைப் புதைக்க உள்ளே இடமில்லை. கடைசியில் குதிரைகளைக் கொன்றார்கள். ஆனால் தின்பது யார்? நாலுகால் பிராணியின் இறைச்சியைத் தொட்டால் அடுத்த பிறவி கெட்டுப்போகும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். இறைச்சி முற்றத்தில் கிடந்தது, காக்கை கொத்தியது, மனிதர்கள் பசியில் சுருண்டு கிடந்தார்கள்.

ஒகிரிதான் எழுந்து போய் வெட்டினாள். தன் மூட்டையிலிருந்து மிளகாயை அள்ளிப் போட்டு, கப்பலில் பார்த்தபடி கொதிக்கவைத்தாள். நெடி கோட்டை முழுக்க ஏறியது. எல்லோருக்கும் தும்மல், கூடவே எச்சிலும் ஊறியது.

"அடுத்த பிறவியில நாயாப் பொறப்போம்," என்றான் ஒரு ஈட்டிக்காரன்.

"பொறந்தா என்ன? நாய்க்கு யாராவது சோறு போடுவாங்க. இந்தப் பிறவியில உனக்கு நான்தான் போடணும். நீட்டு கிண்ணத்த," என்றாள் அவள்.

அவன் நீட்டினான். முதல் வாயிலேயே துள்ளினான், இருமினான், அழுதான், அப்புறம் இன்னும் கேட்டான். குளிரில் விறைத்துக் கிடந்த உடம்பில் அந்தக் காரம் தீ மூட்டியதுபோல் இருந்தது என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அன்று முதல் வரிசை நின்றது.

ஹயாசே மட்டும் வரவில்லை. சுவரோரம் உட்கார்ந்து தோல் வாரைக் கடித்துக்கொண்டிருந்தான். கன்னம் உள்ளே போயிருந்தது, வாளைத் தரையில் ஊன்றித்தான் எழுந்தான். அப்படிப் பல நாள் கழிந்தபின் ஒரு காலை கிண்ணத்தோடு வந்து நின்றான். வரிசை விலகி வழிவிட்டது. ஒகிரி அவனைப் பார்த்தாள்.

"உன் கையால திங்கற தகுதி எனக்கு இல்ல," என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டே. "ஆனா சுவத்துல நின்னு சண்டை போடணும்."

"சுவத்துல நில்லுங்க," என்று சொல்லிக் கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்தாள்.

கடல் பக்கத்து வாசலில் எதிரிகள் நெருக்கிவந்த நாளில், பிரபுவுக்குப் பதிலாகக் கோட்டையை நடத்திவந்த கோட்டைத் தலைவர் ஒகிரியை வரச் சொன்னார். "உன் காரத்தோட புகை கண்ண மறைக்கும்னு சொல்றாங்களே, மெய்யா?" என்றார். விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். வாசல் மேல்தளத்தில் தணல் நிரப்பிய இரும்புச் சட்டிகளை அடுக்கினோம். பக்கத்தில் மிளகாய் மூட்டைகள். விசிறி பிடிக்க என்னையும் நிறுத்தினார்கள். "எதிரி கண்ணுல பட்ட ஒடனே கொட்டு. யோசிக்காத," என்பது தலைவரின் உத்தரவு.

ஹயாசே சிலரோடு வெளியே போய்ச் சண்டையிட்டுக்கொண்டிருந்தான். சேற்றில் முழங்கால் புதைய வெட்டிக்கொண்டார்கள். ஈட்டி வயிற்றில் ஏறியவன் அதைப் பிடித்துக்கொண்டே எதிராளியின் கழுத்தைக் கடித்ததை நான் பார்த்தேன். எதிரி கூட்டம் பெருகியது. ஹயாசேயின் ஆட்கள் பின்வாங்கி வாசலுக்கு ஓடிவந்தார்கள். அவர்கள் முதுகிலேயே எதிரிகளும் வந்தார்கள். கதவைத் திறந்தால் இரண்டு கூட்டமும் சேர்ந்துதான் உள்ளே வரும்.

ஹயாசே அண்ணாந்து பார்த்தான். ஒகிரி கையில் கூடையோடு நிற்பதைக் கண்டான்.

"பொறு!" என்று கத்தினான். "கொஞ்சம் பொறு! உள்ள வந்துடறோம்!"

அவள் அவனையே பார்த்தாள். பிறகு கூடையைத் தணலில் கவிழ்த்தாள். அடுத்ததையும் கவிழ்த்தாள். நான் விசிறினேன்.

வெண்புகை சுவரிலிருந்து இறங்கி அவர்களை மூடியது. கீழே ஒரே ஓலம். கண்ணைப் பிடுங்கி எறிய விரும்புகிறவர்கள்போல் முகத்தைப் பிராண்டிக்கொண்டார்கள். கமறலில் மூச்சு வாங்க முடியாமல் சேற்றில் விழுந்து உருண்டார்கள். கண் தெரியாமல் பக்கத்தில் இருந்தவனையே வெட்டினார்கள். மேலிருந்து எங்கள் வில்லாளிகள் புகைக்குள் அம்பைப் பொழிந்தார்கள். புகை கலைந்தபோது வாசல் முன்னால் பிணங்கள் குவிந்து கிடந்தன. ஹயாசே கதவில் இரண்டு கையையும் வைத்தபடி முழந்தாளிட்டுக் கிடந்தான். முதுகில் ஒரு ஈட்டி இறங்கியிருந்தது. அது எதிரியின் ஈட்டி.

வாசல் நின்றது. அதனால் கோட்டையும் நின்றது. உதவிப் படை வந்து சேர்ந்ததும் வடக்குப் பிரபு திரும்பிப் போனான். கோட்டைத் தலைவர் ஒகிரியைப் பட்டுத்துணி கொடுத்துப் பாராட்டினார். உத்தரவுப்படிதான் அவள் செய்தாள். யாரும் எதையும் கேட்கவில்லை. எரிந்த தெருவுக்குத் திரும்பிவரும் வழியில் அவளே என்னிடம் சொன்னாள்:

"அவரு பொறுன்னு கத்துனது என் காதுல விழுந்துச்சுண்ணே."

"எனக்கும்தான் விழுந்துச்சு. பொறுத்திருந்தா நாம எல்லாரும் செத்திருப்போம்."

"இருக்கலாம். ஆனா நான் அத யோசிச்சுக் கொட்டல."

மறுபடி கடை எழுந்தது. இப்போது வாடிக்கையாளர்கள் மாறிவிட்டார்கள். முற்றுகையில் உயிர் பிழைத்த ஈட்டிக்காரர்களும் சுமை தூக்குகிறவர்களும் ஊடோன் என்கிற கோதுமை மாவு நூடுல்ஸ் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் சிவப்புப் போடு, சப்புன்னு இருக்கு," என்று அதட்டினார்கள். முன்பு விஷம் என்று ஓடியவர்கள் இப்போது தங்கள் வீட்டுக் கொல்லையில் செடி வைத்தார்கள்.

சில வருடம் கழித்து ஓர் இளைஞன் வந்து உட்கார்ந்தான். இடுப்பில் இரண்டு வாள். ஹயாசேயின் தம்பி குன்பெய். முகச்சாடையே காட்டிக்கொடுத்தது. நான் தெருவைத் தாண்டி அவள் கடைக்குள் போய் நின்றேன்.

ஊடோனைத் தின்றான். கண் கலங்கியது. "இதுவா?" என்றான்.

"இதுதாங்க," என்றாள்.

"எங்கண்ணன் பொறுன்னு கத்துனதா வில்லாளிங்க சொன்னாங்க. உனக்குக் கேட்டுச்சா?"

பொய் சொல்லிவிடு என்று என் மனம் அடித்துக்கொண்டது. சத்தத்தில் கேட்கவில்லை என்றால் முடிந்தது.

"கேட்டுச்சுங்க," என்றாள். "என் புருசன் கத்தவே இல்ல. அவருக்கு நேரமே குடுக்கலீங்க உங்கண்ணன்."

குன்பெய் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். பிறகு எழுந்தான். வாள் வெளியே வந்ததையும் இறங்கியதையும் நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கரண்டியோடு சேர்ந்து அவள் வலது கை அடுப்பு மேடையில் விழுந்தது.

"தலையை எடுத்தா, ஏன் எடுத்தேன்னு சொல்ல வேண்டியிருக்கும்," என்றான். "எங்கண்ணன் ஒரு படகோட்டியை எதுக்கு வெட்டினாருன்னும் அப்ப சொல்லணும்." வாளைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் துணியைத் தேடி ஓடினேன். அதற்குள் ஒகிரி, இரத்தம் பீறிடும் மணிக்கட்டைக் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்குள் அமுக்கிவிட்டாள். அவள் போட்ட அலறலில் துறைமுகத்தில் இருந்தவர்கள்கூட ஓடிவந்தார்கள். கோட்டையில் இருந்தபோது போர் வைத்தியன் அப்படித் தீய்ப்பதை அவள் பார்த்திருக்கிறாள். அதுதான் அவளைக் காப்பாற்றியது என்று பிறகு வந்து பார்த்த ஊர் வைத்தியன் சொன்னான்.

குளிர்காலம் முழுவதும் காய்ச்சலில் கிடந்தாள். ஒனுயி கூட இருந்து பார்த்துக்கொண்டாள். வசந்தத்தில் எழுந்து இடது கையால் மாவு கலக்கப் பழகினாள். முதலில் எல்லாம் கட்டி தட்டியது.

"இத மனுஷன் திம்பானா?" என்றேன்.

"உன் டோஃபுவத் திங்கறவங்க இதயும் திம்பாங்க," என்றாள். அப்போதுதான் அவள் பிழைத்துக்கொள்வாள் என்று நம்பினேன்.

அதன்பின் இருபது வருடத்துக்கு மேல் கடையை நடத்தினாள். மறுமணம் செய்துகொள்ளவில்லை. குன்பெய் வேறொரு பிரபுவிடம் சேர்ந்து ஏதோ மலைப்போரில் செத்ததாகச் செய்தி வந்தது. கேட்டதும் அடுப்பைத் தணித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றாள். சந்தோஷப்பட்டாளா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில் சளி முற்றிப் போய்ச் சேர்ந்தாள். நாலுகால் இறைச்சி சமைத்தவள் என்று சொல்லி மந்திரம் ஓதக் கோவில் குரு தயங்கினார். முற்றுகையில் குதிரைக்கறி தின்ற கிழட்டு ஈட்டிக்காரர்கள் கும்பலாகப் போய் அவர் வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள். "அப்படின்னா நாங்க செத்தாலும் ஓத மாட்டீங்க இல்ல?" என்று கேட்டார்கள். அவர் வந்து ஓதினார். யசோஜிக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த சரிவில், அவளைப் புதைத்தோம்.