ராஜாக்கள் இல்லாத வயல்

இங்கிலாந்தின் தென்மேற்கே டாண்டன் பக்கத்துக் களிமண் மழையில் காலணியைப் பிடுங்கிக்கொள்ளும், வெயிலில் பாளம் பாளமாய் வெடிக்கும். கெசியா ஹெம்ப்ரோ அதைத் திட்டியதே இல்லை. அந்த மண்ணில்தான் சீவுமுள் செழிக்கும். ஆலைக்காரர்கள் அதை டீசில் என்பார்கள். முட்டை வடிவத் தலை, அது முழுக்கக் கொக்கி முள். வடக்கே யார்க்‌ஷயர் ஆலைகளில் அந்தத் தலைகளை உருளையில் நெருக்கிப் பதித்துக் கம்பளித் துணியைச் சீவி மென்மயிர் எழுப்புவார்கள். அதற்குப் பதில் கம்பிப் பல் வைத்தால், சிக்கும்போது துணி கிழியும். இந்த முள் சிக்கினால் தானே ஒடிந்துவிடும், துணிக்கு ஒன்றும் ஆகாது.

கெசியா சிறுமியாய் இருந்த நாள் முதல் அடுத்தவர் வயலில் தலை அறுத்தவள். செடியில் இலைகள் இரண்டிரண்டாய்த் தண்டைச் சுற்றி ஒட்டிக் கிண்ணம் போல நிற்கும்; மழைத் தண்ணீர் அதில் தேங்கும். அதில் கண் கழுவினால் பார்வை தெளியும் என்று பெண்கள் சொல்வார்கள். கெசியாவுக்குப் பார்வை தெளிந்ததோ இல்லையோ, அறுவடை முடிகிறவரை சட்டைக் கை அக்குள் வரை நனைந்தே இருக்கும். அதிலும் அவளுக்குக் குறை இல்லை. கல் குவாரியில் வேலை செய்த சைலஸைக் கட்டிய பிறகு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம் இருந்தது. தன் கையால் நட்டதைத் தானே அறுக்க வேண்டும்.

பண்ணைக்காரர் டக்கெட் ஓடையோரத் துண்டு ஒன்றை விட்டுக்கொடுத்தார். நிலம் அவருடையது, உழைப்பு அவளுடையது. செடியின் உச்சியில் நடுவே வரும் பெரிய தலை ராஜா, பக்கக் கிளைகளில் வருபவை ராணிகள். ராஜாக்கள் எல்லாம் பண்ணைக்கு, ராணிகள் அவளுக்கு. முதல் வருஷம் செடி முட்டைக்கோஸ் போலத் தரையோடு படர்ந்து கிடக்கும், மறு வருஷம்தான் ஆள் உயரம் எழும்பும். ஆகவே இரண்டு வருஷ ஒப்பந்தம். விளைச்சல் திருப்தியாய் இருந்தால் அடுத்த நடவுக்கும் நிலம் அவளுக்கே. அதை நம்பி வீட்டுக்குப் பின்னால் நாற்று விட்டு வைத்திருந்தாள்.

இரண்டாம் வருஷம் ஜூனில், தங்கையின் பிரசவத்துக்குப் போய்விட்டுத் திரும்பியவள் பெட்டியைக்கூட இறக்காமல் வயலுக்குப் போனாள். செடிகள் நன்றாகத்தான் நின்றன. ஆனால் உச்சியில் ஒரு ராஜாகூட இல்லை. ஒவ்வொரு தண்டின் நுனியிலும் கத்தி பட்ட வெள்ளை வட்டம்.

சைலஸ் பெருமையாய்ப் பின்னால் வந்து நின்றான். சைடர் என்கிற ஆப்பிள் மது குடிக்கிற இடத்தில் யாரோ சொன்னார்களாம், ராஜா பிஞ்சிலேயே போனால் ராணிகள் கொழுக்கும் என்று. குவாரியிலிருந்து வந்து தினமும் சாயங்காலம் அறுத்தானாம்.

"அறுத்ததெல்லாம் எங்க?"

"பன்னிக்குப் போட்டேன். அது திங்கல."

"சைலஸ், நீ அறுத்தது டக்கெட் ஐயாவோட பங்கு."

அவன் முகத்தைப் பார்த்த பிறகு அவளால் திட்ட முடியவில்லை. கொஞ்ச நேரம் வரப்பில் உட்கார்ந்து யோசித்தாள். பூச்சி அடித்தது என்று சொல்லலாம். கத்தி வெட்டைப் பூச்சி என்று எந்தப் பண்ணைக்காரர் நம்புவார்? நானே அறுத்தேன் என்றால் ஏமாற்றுக்காரி ஆவாள். புருஷன் அறுத்தான் என்றால் ஊர் அவனை ஆயுசுக்கும் விடாது. நிலம் பெரிதா, இவன் மானம் பெரிதா? அவளுக்கே தெரியவில்லை. அதற்குள் சைலஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு பண்ணை வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தான். அவள் ஓடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

சைலஸே நடந்ததைச் சொன்னான். டக்கெட் முழுவதையும் கேட்டார். கல் உடைக்கிறவன் கையில் கத்தி கொடுத்தது யார் என்று கேட்டார். ஒரு வயல் முழுக்க ஒரு ராஜாகூட இல்லாமல் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். கடைசியில், ராணிகள் எப்படி வருகின்றன என்று பார்த்துவிட்டுத்தான் பேச்சு, அதுவரை நாற்றைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்றார்.

அந்தக் கோடை முழுவதும் கெசியா வானத்தையும் தலைகளையுமே பார்த்தாள். தலையின் இடுப்பில் ஊதாப் பூ வளையமாய்க் கட்டியது, பிறகு இரண்டாகப் பிரிந்து மேலும் கீழும் நகர்ந்தது. பூக்கும்போது அடைமழை பிடித்தால் தலை உள்ளே அழுகும். மழை வந்தது, ஆனால் தங்கவில்லை. பூ உதிர்ந்ததும் தோல் கையுறை மாட்டிக்கொண்டு, மணிக்கட்டில் கட்டிய சின்ன வளைகத்தியால் சாணளவு காம்போடு அறுத்தாள். தலைகளைக் கழிகளில் கட்டி வெயிலில் நிறுத்தினாள். மேகம் கறுத்தால் சைலஸும் அவளும் ஆளுக்கு இரண்டு கழியாய்த் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார்கள்.

காய்ந்த பிறகு டக்கெட் வந்தார். கழி கழியாய்ப் பார்த்தார். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தன. ஒரு தலையை உருவித் தன் கோட்டுக் கையில் மெல்ல இழுத்தார். கம்பளி மயிர் புசுபுசுவென்று எழுந்து நின்றது. இன்னொரு தரம் இழுத்தார்.

"ஏம்மா கெசியா, இந்த மாதிரி ராணி எங்க பண்ணையில வந்ததில்ல."

"தெரியுங்கய்யா."

"நாத்தை நட்டுக்கோ. ஆனா இனிமே தலைக்குத் தலை பங்கு கிடையாது. வரிசைக்கு வரிசை. ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு. இந்த வருஷம் அறுத்ததுலயும் பாதி எனக்கு."

பாதி ராணிகள் போயின. அது நஷ்டமா என்று அவள் யோசித்துப் பார்த்தாள். கூலிக்கு அறுத்து வந்தவளின் கணக்கில் நஷ்டம். நட்டவளின் கணக்கில் இன்னும் இரண்டு வருஷத்துக்கு நிலம். அவர் பங்கு ராஜாக்கள் போனதற்கு அது நியாயமாகவும் பட்டது.

"ஓடைப் பக்கத்து வரிசை எனக்குங்க," என்றாள். அங்கேதான் ஈரம் நிற்கும்.

டக்கெட் அவளைப் பார்த்தார், சைலஸைப் பார்த்தார். "இவனைக் கட்டினவளுக்கு அதையாவது கொடுக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்டோபரில் இருவரும் நாற்று நட்டார்கள். மண்வெட்டியில் அப்பிய களிமண்ணை வழித்துப் போட்டபடி, இனிமேல் ஒவ்வொரு நடவிலும் ராஜாவைப் பிஞ்சில் எடுக்க வேண்டுமே, அதை யார் செய்வது என்று சைலஸ் கேட்டான்.

"நீதான்," என்றாள் கெசியா. "நான் ஊர்ல இருக்கும்போது."