தசமபாகக் கவரில் எழுதியதும் படிவத்தில் எழுதாததும்

போன வருஷம் மழை பிடித்த நாட்களில் என் அம்மாவின் கால்கள் வீங்கத் தொடங்கின. தொம்மலூரில் ஒரு அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. நின்று நின்று வீங்குகிறது என்று நினைத்தோம். ஒரு நாள் செருப்புக்குள் கால் நுழையவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டது, இனி வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் என்றார். எத்தனை மாதத்துக்கு என்று கேட்டேன். அவர் என் தோளைத் தட்டினார்.

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, இதைச் சபையில் சொல்ல இரண்டு முறை எழுந்து, சொல்லாமலே உட்கார்ந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா பெயின்டர். நான் கல்லூரி முடித்த வருஷம் இறந்துபோனார். இப்போது நான் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் வேலை பார்க்கிறேன். வருகிற சம்பளம் பொம்மனஹள்ளி வாடகைக்கும் அரிசிக்கும் பஸ்ஸுக்கும் சரியாக இருக்கும். அம்மாவின் சம்பளமும் நின்றுபோனது. வேலை முடிந்து வரும்போது ஓசூர் ரோட்டில் பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவேன். ஜெபம் செய்யக்கூட வார்த்தை வராது. "ஆண்டவரே" என்பதோடு நின்றுவிடும்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு தர்ம நிதி இருந்தது. குறைந்த வருமானம் உள்ள குடும்பத்துக்கு டயாலிசிஸ் இலவசம். வருமானம் சற்றுக் கூடினால் பாதிக் கட்டணம். அதற்கும் மேலே போனால் உதவி இல்லை. படிவத்தை நான்தான் நிரப்பினேன். எங்கள் தெருவில் ரேஷன் கார்டு முதல் பள்ளி அட்மிஷன் வரை எல்லோருடைய படிவமும் என் கையில்தான் வரும். அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு.

அதில் ஒரு கேள்வி. பகுதிநேர வேலையில் ரொக்கமாக ஏதாவது வருகிறதா?

வந்தது. சனிக்கிழமைகளில் கல்யாணங்களிலும் நிச்சயதார்த்தங்களிலும் கீபோர்டு வாசிப்பேன். கல்யாண வீட்டார் கடைசியில் கை குலுக்கி ஒரு கவர் கொடுப்பார்கள். என்னோடு டிரம் பேட் வாசிக்கிற பிரகாஷிடம் கேட்டேன்.

"மச்சான், அந்தக் கவர்ல ஒரு ரூபா காயின் ஒட்டியிருக்கு பாத்தியா? காயின் ஒட்டுனா அது மொய்டா. மொய்ய எவன்டா சம்பளம்னு எழுதுவான்? பி.காம். படிச்சும் மண்டையில ஒண்ணும் ஏறல உனக்கு."

எனக்கு அப்படி ஒரு பதில்தான் வேண்டியிருந்தது. 'இல்லை' என்று எழுதினேன். அம்மா கையெழுத்துப் போட்டார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. 'எஸ்தர் கமலா' என்று தன் பெயரை மட்டும் எழுதுவார். அதையும் நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

உதவி கிடைத்தது. ஸ்தோத்திரம் செலுத்தினோம். மாதாமாதம் முதல் ஞாயிறு, சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபையில் கொடுப்பேன். கீபோர்டுப் பணத்துக்குத் தனிக் கவர். அதன்மேல் என் பெயர், தொகை, பக்கத்தில் 'கீபோர்டு' என்று எழுதுவேன். ஒரு ரூபாய் குறைத்ததில்லை. இந்தக் கையால்தான் அங்கே எழுதினேன். இந்தக் கையால்தான் இங்கே 'இல்லை' என்றும் எழுதினேன். பல மாதங்கள் இரண்டையும் ஒன்றாக வைத்து நான் பார்க்கவே இல்லை.

பார்த்தது அம்மாதான். உதவியைப் புதுப்பிக்க மறுபடி படிவம் வந்தது. ஒரு ஞாயிறு காலை, கோயிலுக்குப் புறப்படும் முன் அதை நிரப்பி, கையெழுத்துக்கு அம்மாவிடம் நீட்டினேன். பக்கத்தில் தசமபாகக் கவர் இருந்தது.

"இதுல என்னப்பா எழுதியிருக்க?" கவரைத் தொட்டுக் கேட்டார்.

"கீபோர்டு, நானூறு ரூபா."

"அத இந்தப் பேப்பர்ல எங்க எழுதியிருக்க? வாசிச்சுக் காட்டு."

நான் வாசிக்கவில்லை. "அது இங்க தேவையில்லம்மா" என்றேன்.

"கேக்கவே இல்லையா அவங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கேட்டிருக்காங்க. எழுதினா மிஷின் நின்னுரும்மா."

அம்மா பேனாவை மூடிக் கீழே வைத்தார். "எனக்கும் பயமாத்தான் சாமு இருக்கு. சாக ஆசையா எனக்கு? ஆனா கீழ இருக்கிறது என் பேரு. எனக்கு எழுதத் தெரிஞ்ச ஒரே வார்த்தை அது."

அவர் கையெழுத்துப் போடவில்லை.

படிவம் கொடுக்க நான்கு நாள் இருந்தது. மூன்று நாள் நான் செய்தது ஜெபம் இல்லை, பேரம். ஆண்டவரே, இதை எழுதாமலே சரியாகிற வழியைக் காட்டும் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் மதிய இடைவேளையில், ஸ்டோரில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே முழங்கால் போட்டேன். "அம்மாவை உம்முடைய கையில் தருகிறேன். இந்தப் பொய்யை இனி என் கையில் வைத்திருக்க முடியவில்லை." அவ்வளவுதான் சொன்னேன். அதிசயமாக எதுவும் நடக்கவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நிதியைக் கவனிக்கிற மேடம் கன்னடக்காரர். தமிழ் மெதுவாகப் பேசுவார். கீபோர்டுப் பணம் வருகிறது என்றும், போன முறை எழுதியது தவறு என்றும் சேர்த்தே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எஷ்டு வரும்?"

"மேடம், போன மாசம் நாலாயிரம்."

"அய்யோ. அப்போ லிமிட் தாண்டுது இல்லவா?"

"தாண்டுது மேடம்."

"ஒரு மாசம் பாத்துச் சொல்ல ஆகாது. வருஷம் பூரா பாக்கணும். ப்ரூஃப் ஏனு இதெ, என்ன இருக்கு?"

ரொக்கத்துக்கு என்ன ஆதாரம்? கவரைக் கிழித்துப் போட்டுவிடுவோம். அப்போதுதான் நினைவு வந்தது. "எங்க சபையில பத்துல ஒரு பங்கு கொடுப்பேன் மேடம். அத நோட்டுல எழுதி வைப்பாங்க."

அவர் சிரித்துவிட்டார். "அப்போ அதை நான் பத்தாலே பெருக்கணுமா? சரி, கொண்டுவா."

எங்கள் சபைப் பொருளாளர் செல்வின் அண்ணனும் சிரித்தார். "காணிக்கை நோட்ட ஆஸ்பத்திரிக்குக் கேக்குற மொத ஆளு நீதான்டா" என்று சொல்லி, என் பக்கத்தை நகலெடுத்து முத்திரை வைத்துக் கொடுத்தார்.

பஸ்ஸில் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே போனேன். பன்னிரண்டு கட்டங்கள். சிலவற்றில் தொகை. தவக்காலமான லெந்து நாட்களிலும் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களிலும் நம் சபைகளில் கல்யாணம் வைக்க மாட்டோம் அல்லவா, அந்தக் கட்டங்கள் காலி. மழை மாதங்களிலும் ஒன்றிரண்டு காலி. அந்த மாதங்களில் நான் எவ்வளவு முறுமுறுத்திருக்கிறேன்! ஒரு கல்யாணம்கூடக் கொடுக்க மாட்டீரா என்று கேட்டிருக்கிறேன்.

கமிட்டி முடிவு சொல்ல இரண்டு வாரம் ஆனது. அதுவரை அம்மாவை வழக்கம்போல அழைத்து வரச் சொன்னார்கள். முடிவு இதுதான். காலி மாதங்களையும் சேர்த்து வருஷம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் எங்கள் வருமானம் உதவி நிற்கிற எல்லையைத் தொடவில்லை. நடுப்பிரிவில் விழுந்தது. இனி பாதிக் கட்டணம். இதுவரை இலவசமாக வாங்கியதில் பாதியைத் தவணையாகத் திருப்பிக் கட்ட வேண்டும்.

சுமை கூடியது உண்மை. கீபோர்டுப் பணம் இப்போது பெரும்பாலும் அங்கேதான் போகிறது. தவணை இன்னும் முடியவில்லை. ஆனால் அம்மாவுக்கு ஒரு டயாலிசிஸ்கூடத் தவறவில்லை. நான் ஜெபிப்பதற்கு எத்தனையோ மாதம் முன்பே, நான் முறுமுறுத்த காலிக் கட்டங்களிலேயே ஆண்டவர் பதிலை வைத்திருந்தார். எனக்கு இல்லை என்று நான் அழுத மாதங்கள்தான் என் அம்மாவைத் தாங்கின.

பிரகாஷ் இன்னும் கிண்டல் செய்கிறான். "என்னடா, மொய்க்கெல்லாம் பில் போடுறியாமே?" போன வாரம் அவனே தனியாக வந்து, தங்கையின் ஸ்காலர்ஷிப் படிவத்தில் தன் கவர் பணத்தை எந்த இடத்தில் எழுதுவது என்று கேட்டான்.

சகோதரரே, சகோதரியே, எழுதாமல் விட்ட ஒரு வரி உங்களிடமும் இருக்கலாம். எழுதினால் எல்லாம் போய்விடும் என்று பயமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு முறை எழுதிப் பாருங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. எந்தப் படிவமானாலும் முதல் வரியிலிருந்து நான் உரக்க வாசிக்க வேண்டும். அம்மா கண்ணை மூடிக் கேட்பார். முடிந்ததும், "அவ்வளவுதானா, வேற ஒண்ணும் இல்லையே?" என்பார்.

"இல்லம்மா."

பிறகுதான் பேனாவைத் திறப்பார். ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக, எஸ்தர் கமலா.