அம்மாவின் குரலுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க்

அம்மாவுக்குத் தொண்டையில் புற்று என்று சேலத்து டாக்டர் சொன்னார். குரல்பெட்டியை எடுத்துவிட்டால் பிழைப்பாள், பேச்சு வராது. ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு கொல்லிமலைக்குத் திரும்பினோம். காரவள்ளி தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது அப்பாவும் நானும் டாக்டர் கொடுத்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாதான் மரவள்ளிக்குக் களையெடுக்க ஆள் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

அவள் குரலைப் பதிவு செய்துவிட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். கேசட்டை நம்ப முடியாது. எங்கள் மலை ஈரத்தில் நாடா பூஞ்சை பிடித்துவிடும். வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. மைக்கைச் செருகிப் பேசிப் பார்த்தேன். திரும்பப் போட்டால் என் பேச்சைவிட ஹார்ட் டிஸ்க்கின் இரைச்சல்தான் பெரிதாகக் கேட்டது. சனியன், மாவு மில் கெட்டது போங்கள்.

மிளகு விற்ற காசோடு, வேறு டிஸ்க் வாங்க நாமக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

"இது வேகமா சுத்துங்க, புதுசு" என்றார் கடைக்காரர்.

"வேகம் வேண்டாங்க. சத்தம் போடாததா, கொஞ்சம் விலை கம்மியா குடுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ரோட்டில் போன லாரிகளின் சத்தத்தில் எதை ஓட்டினாலும் ஒன்றுபோலத்தான் இருந்தது. சரக்கு அறைக்குள் ஓட்டச் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றிலும் காதை வைத்தேன். மெதுவாகச் சுற்றும் சின்ன டிஸ்க் ஒன்று, ஓடுகிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு அடக்கமாக இருந்தது. யாரும் கேட்காததால் விலையும் குறைவு. துண்டில் சுற்றி மடியில் வைத்து ஊர் கொண்டுவந்து, பழையதைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்தினேன்.

மறுநாள் அப்பா மரவள்ளிக் காட்டுக்குப் போனதும் அம்மாவை மைக் முன்னால் உட்கார வைத்தேன். கோழிகளை விரட்டினேன், ரேடியோவை அணைத்தேன், கதவைச் சாத்தினேன். அந்த அமைதியே அவளை மிரட்டிவிட்டது.

"என்ன சொல்றது கண்ணு?" என்று இழவு வீட்டில் பேசுவதுபோல் குசுகுசுத்தாள்.

"எதையாச்சும் சத்தமா பேசும்மா."

"நல்லா இரு சாமி" என்று முணுமுணுத்தாள். எவ்வளவு கெஞ்சியும் அதற்கு மேல் குரல் எழவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. போதும் போ என்று சொல்லிவிட்டேன்.

அதற்குள் அப்பா சாப்பிடும் நேரம் ஆகிவிட்டிருந்தது. அவள் கதவைத் திறந்து வாசலுக்குப் போனாள். எங்கள் ஊரில் சாப்பிடக் கூப்பிட யாரும் காடுவரை நடக்க மாட்டார்கள். மேட்டில் நின்று ஒரு குரல் கொடுப்பார்கள், எதிர்ச்சரிவு வரைக்கும் போகும்.

"ஏனுங்க! சோறு ஆறுதுங்க! வாங்க!"

தொண்டை கம்மியிருந்தாலும் அது அவள் குரல். பதிவை நான் இன்னும் நிறுத்தியிருக்கவில்லை. வெளியிலிருந்து வந்த அந்தக் கூப்பாடு அப்படியே டிஸ்க்கில் விழுந்திருந்தது. பழைய டிஸ்க்காக இருந்தால் இரைச்சலில் காணாமல் போயிருக்கும்.

ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் கட்டோடு அம்மா வீடு வந்து சேர்ந்த பிறகு ஒருநாள் இருவரையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். "ஏனுங்க" என்று கேட்டதும் அப்பா பக்கத்திலிருந்த அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"இந்தா, வந்துட்டேன்" என்றார்.