மேற்பார்வைக்குத் தனி ரேட்டு

செக்கர் யாரையும் நம்ப மாட்டார். இதை நான் குறையா சொல்லல. அதுக்குத்தான் அவருக்குச் சம்பளம் குடுத்தாங்க. முப்பத்தோரு வருஷம் பஸ்ஸுல ஏறி டிக்கெட்டைக் காட்டு, பையைக் காட்டுன்னு கேட்டே பொழைச்ச மனுஷன். ஸ்டாப்புல ஏற மாட்டார். வளைவுல பஸ் மெதுவா திரும்பும்போது பின்படியில தொத்திக்குவார். கண்டக்டர் நிமிர்ந்து பாக்கறதுக்குள்ள அவர் கை கண்டக்டர் பைக்குள்ள இருக்கும். அவர் பிடிச்சவங்கள்ல நாப்பது பேருக்காக, தொழிற்சங்கத்து ஆளா, நான் நிர்வாகத்தோட மல்லுக்கு நின்னிருக்கேன். அதுல முப்பது பேர் நிஜமாவே திருடினவங்கதான், இப்ப சொல்றதுல எனக்கு வெக்கமில்ல. மிச்சம் பத்து பேர் திருடல. அந்தப் பத்து பேர் யாருன்னு அவருக்கு ஞாபகமில்ல. எனக்கு இருக்கு.

இப்ப ரெண்டு பேரும் ரிட்டயர். ஒரே கட்டடம். அவர் மூணாவது மாடி, நான் ரெண்டாவது. அவர் நடந்தா என் தலைக்கு மேல கேக்கும்.

அவர் சம்சாரத்தை நான் அண்ணின்னுதான் கூப்பிடுவேன். நூல் மில்லுல பஞ்சு பிரிக்கற இடத்துல இருபத்திரண்டு வருஷம் நின்னவங்க. மில்லு மூடிப் பல காலம் ஆச்சு, பஞ்சு மட்டும் நெஞ்சை விட்டுப் போகல. படுத்தா இருமல், பேசினா இழுப்பு. டாக்டர் கறாரா சொல்லிட்டார்: வீட்டுல விளக்குமாறே கூடாது, தூசி பறக்கவே கூடாது, தினமும் ஈரத்துணியால துடைக்கணும். அண்ணியால குனிய முடியாது. செக்கருக்கு ரெண்டு முட்டியும் காலி, ஓடுற பஸ்ஸுல தொத்தினதோட பலன். ஆள் வச்சே ஆகணும்.

வச்சார். ஆறு மாசத்துல மூணு பேர்.

முதல் ஆள், சோப்பு சீக்கிரம் தேயுதுன்னு இவர் சொன்னதும் போயிட்டா. ரெண்டாவது ஆள், ஒரு கரண்டியைக் காணோம்னு வந்த சண்டையில போனா. அந்தக் கரண்டி நாலு நாள் கழிச்சு இவர் சட்டைப் பையிலேயே கிடைச்சுது, அது தனிக்கூத்து. மூணாவது வந்த அம்மா ஒரு வாரம் நல்லா வேலை செஞ்சா. எட்டாவது நாள் கிளம்பும்போது இவர் வாசப்படியில நின்னுக்கிட்டு, பழக்க தோஷம், கையை நீட்டி "பையைக் காட்டு"ன்னுட்டார். அந்தம்மா பையைத் தலைகீழா கொட்டினா. ஒரு சீப்பு, ஒரு மாத்திரை அட்டை, பஸ் டிக்கெட்டு. "டிக்கெட்டையும் பாத்துக்குங்க"ன்னு சொல்லிட்டுப் போனா. மறுநாள் வரல.

அன்னிக்கு அண்ணி வாயைத் திறந்தாங்க. மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசுவாங்க, அதனால ஒரு வார்த்தையும் வீணா வராது.

"அடுத்த ஆளும் போனா நானும் போயிடுவேன். என் தங்கச்சி ஒரு ரூமைக் காலி பண்ணி வச்சிருக்கா. நீங்களும் உங்க சந்தேகமும் இங்கேயே இருங்க."

செக்கர் சிரிச்சார். அண்ணி சிரிக்கல. அப்புறம் செக்கரும் சிரிப்பை நிறுத்திட்டார்.

மறுநாள் நேரா என் வீட்டுக்கு வந்தார். "தோழரே, ஊர்ல இருக்கற வேலைக்காரங்க எல்லாம் உம்ம சங்கத்து ஆளுங்கதானே. ஒரு ஆள் சொல்லும்."

"ஏன், உம்ம கையில சிக்க வைக்கவா?"

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்யா."

"நீர் சொல்ல வேணாம். உம்ம கண்ணே சொல்லுமே."

ஆனா அண்ணிக்காக ஒரு ஆளைச் சொன்னேன். பேரு கறாரம்மா. அது அவ அப்பா அம்மா வச்ச பேரில்ல, இந்தத் தெருவுல இருக்கற வீட்டுக்காரங்க வச்சது. ஆபீஸ், கிளினிக், வீடுன்னு இருபது வருஷமா துடைக்கறவ. ஒரு ரேட்டு சொன்னா சொன்னதுதான். பேரம் பேசினா பதில் சொல்ல மாட்டா, வாளியை எடுத்துக்கிட்டு நடப்பா.

பேச்சுவார்த்தை மாடிப்படியில நடந்துச்சு. நான் நடுவுல.

"தினம் ஒரு மணி வேலை, எண்பது. மேல் வேலை மட்டும்: தரை, ஜன்னல், கட்டிலடி, அலமாரி மேல்தட்டு. பாத்திரம் வேணும்னா தனி. மேற்பார்வை உண்டுன்னா நூத்தி இருபது"ன்னா.

செக்கர் நெத்தியைச் சுருக்கினார். "மேற்பார்வையும் நீயே பாப்பியா? இல்ல அதுக்கு இன்னொரு ஆளைக் கூட்டிட்டு வருவியா?"

"நான் எதுக்கு சார் பாக்கணும்? நீங்கதான் பாப்பீங்க."

"நான் பாக்கறதுக்கு நானே காசு குடுக்கணுமா?"

"ஆமா சார்."

"ஏம்மா, எங்க கம்பெனியில மேற்பார்வைக்கு எனக்கில்ல அலவன்ஸ் குடுத்தாங்க!"

"அது கம்பெனி சார். என் பின்னாடி ஒருத்தர் நின்னா, நான் வாளியை நகத்தும்போது அவரையும் நகத்தணும். 'இங்க விட்டுட்டே, அங்க விட்டுட்டே'ன்னா ரெண்டு தடவை துடைக்கணும். முதுகுல ஒருத்தர் கண்ணு இருந்தா கை ஓடாது. ஒரு மணி வேலை ஒன்றரை மணி ஆகும். அந்த அரை மணிக்குத்தான் நாப்பது."

முப்பது வருஷம் துண்டறிக்கை எழுதினவன் நான். இவ்வளவு சுருக்கமா ஒரு கோரிக்கையை நான் எழுதினதில்ல.

செக்கர் யோசிச்சார். கணக்குல ஓட்டை தேடற முகம் எனக்குப் பழக்கம். கிடைக்கல. நூத்தி இருபதுக்கே ஒத்துக்கிட்டார். பாக்காம இருக்கறதை விட நாப்பது குடுக்கறது அவருக்குச் சுலபம்.

முதல் வாரம் பின்னாடியே திரிஞ்சார். அவ குனிஞ்சா இவரும் குனிவார், முட்டி டக்குன்னு சத்தம் போடும். "சார், கால்." நகருவார். "சார், இன்னொரு கால்." அதையும் நகத்துவார். அண்ணி ஹால்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாங்க. "நல்ல ஜோடி. அவ வீட்டைத் துடைக்கறா, நீங்க அவளைத் துடைக்கறீங்க."

ஒரு விஷயம் மட்டும் உண்மை. அந்த வாரம் அண்ணிக்கு இருமல் பாதியாக் குறைஞ்சுது. மேல இருந்து கேக்கற சத்தத்துல எனக்கே தெரிஞ்சுது.

ரெண்டாவது வாரம் செக்கர் திடீர்னு நல்லவரா மாறினார். "இனிமே நான் பாக்கல. உன் இஷ்டத்துக்கு செய். எண்பது போதும்ல?" கறாரம்மா அவரை மேலும் கீழும் பாத்தா. "போதும் சார்"ன்னா. எனக்குப் பொறி தட்டுச்சு. செக்கர் படியில இறங்கறப்ப மடக்கினேன்.

"என்னய்யா திடீர்னு நம்பிக்கை?"

கண்ணைச் சிமிட்டினார். "பஸ்ஸுக்குள்ளேயே உக்காந்திருந்தா கண்டக்டர் எப்பய்யா திருடுவான்? இறங்கணும். இறங்கினாத்தான் ஏற முடியும்."

வீடு பூரா பதினோரு இடத்துல பொருள் வச்சிருந்தார். ரேடியோவுக்குப் பின்னாடி நாலா மடிச்ச ரூபா நோட்டு. மெத்தை ஓரத்துல ஒண்ணு. அலமாரி மேல சில்லறை. அது போக பினாயில் பாட்டில்ல பேனாவால ஒரு கோடு. எதுவும் எழுதி வைக்கல. "எழுதினா அவ கண்ணுல படும். எல்லாம் இங்க இருக்கு"ன்னு நெத்தியில தட்டிக் காமிச்சார். தினமும் அவ வந்ததும் வெளிய போறேன்னு சொல்லிட்டு, என் வீட்டு வாசல்ல அரை மணி நின்னுட்டு, திடுதிப்புன்னு மேல ஏறுவார். அவ தரையில முட்டி போட்டுத் துடைச்சுக்கிட்டு இருப்பா. தினமும் அதேதான்.

அவளும் ஒரு தடவை சொன்னா: "சார், உங்க பொருள் சிலது அங்கங்க கிடக்கு. எடுத்து வச்சிடுங்க."

"எந்தப் பொருள்? எங்க?"

"நீங்க வச்ச இடத்துலதான் சார்."

இதைக் கேட்டுட்டு செக்கர் என்கிட்ட வந்து மூச்சு விட்டார். "பாத்தீரா? எனக்கே தூண்டில் போடறா. நான் வாயைத் திறந்து இடத்தைச் சொன்னா மத்த இடத்துல கை வைப்பா."

மூணாவது வாரம் அண்ணிக்கு இருமல் திரும்பிடுச்சு. முன்னைவிட மோசமா. படுத்த அஞ்சாவது நிமிஷம் ஆரம்பிக்கும். செக்கர் கையில ஆதாரம் கிடைச்ச மாதிரி ஆயிட்டார். "ஆள் இல்லேன்னா சரியா துடைக்கறதில்ல, அதான்." ஒரு சனிக்கிழமை காலையில, அவ வேலையில இருக்கும்போதே, என்னைச் சாட்சிக்குக் கூட்டிட்டுப் போனார்.

ரேடியோவை நகத்தினார். நோட்டு இருந்துச்சு. நோட்டைச் சுத்தி நாலு விரல் விட்டு, மிச்ச மேஜை பளபளன்னு இருக்கு. அவ விட்ட இடத்துல மட்டும் ஒரு சதுரம் தூசி. அச்சு வச்ச மாதிரி. அலமாரி மேல சில்லறையைச் சுத்தி வட்ட வட்டமா தூசி. மெத்தை ஓரம், ஜன்னல் விளிம்பு, எங்க பாத்தாலும் அதே கதை. வீடு மொத்தமும் சுத்தம், அவர் வச்ச இடம் மட்டும் அழுக்கு.

பத்து எடுத்தாச்சு. பதினொண்ணைக் காணோம்.

"அது என்னது?"ன்னேன்.

குரலைத் தாழ்த்தினார். "உங்க அண்ணியோட கம்மல். ஒத்தைக் கம்மல்."

"எங்க வச்சீர்?"

நெத்தியைத் தட்டினார். தட்டிக்கிட்டே இருந்தார். ஞாபகம் வரல. வராதுன்னு தெரிஞ்சதும் முகம் மாறிடுச்சு. "எடுத்துட்டா"ன்னார். "பத்தைக் காட்டி ஒண்ணை அமுக்கறது பழைய வித்தை. நான் பாக்காததா?"

நானும் ஒரு நிமிஷம் கதவோரம் இருந்த அவ பையைப் பாத்தேன். பாக்கலன்னு எழுதினா பொய்.

கறாரம்மா எழுந்து நின்னா. துணியைப் பிழிஞ்சு வாளி விளிம்புல போட்டா. "பையைக் கொட்டணுமா சார்? கொட்டறேன். ஆனா கொட்டிட்டா நாளைக்கு வர மாட்டேன்."

உள்ளே இருந்து அண்ணி வந்தாங்க. கையில பெட்டி. சின்னப் பெட்டிதான், ஆனா பூட்டி இருந்துச்சு. கதவோரம் வச்சுட்டு அது மேலேயே உக்காந்தாங்க. இருமினாங்க, அவ்வளவுதான்.

செக்கர் பெட்டியைப் பாத்தார், அண்ணியைப் பாத்தார். தரையில உக்காந்து, அந்த முட்டியோட தவழ்ந்து தேட ஆரம்பிச்சார். சோபா அடி, கதவு மூலை. பதினஞ்சு நிமிஷம் போச்சு. வேர்த்துக் கொட்டுது. கறாரம்மா சுவர்ல சாஞ்சு பாத்துக்கிட்டு இருந்தா. "சார், கால்"னு மட்டும் சொல்லல.

"உனக்குத் தெரியுமாடி?"ன்னு அண்ணிதான் கேட்டாங்க.

"தெரியும்க்கா. ஆனா கேக்க வேண்டியது அவரு. 'எங்க'ன்னு கேட்டா சொல்லுவேன். 'எப்படித் தெரியும்'னு கேட்டா கிளம்பிடுவேன். ஒரு வீட்டுல கட்டிலடியில கிடந்த மோதிரத்தை எடுத்து மேஜை மேல வச்சேன். எப்படிக் கிடைச்சுது, எங்க கிடைச்சுதுன்னு கேட்டுக் கேட்டு ஸ்டேஷன் வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அன்னிலேர்ந்து பொறி வச்ச இடத்தை நான் தொடறதில்ல. சுத்தித் துடைப்பேன், அவ்வளவுதான்."

செக்கர் தரையில உக்காந்தபடியே நிமிர்ந்தார். அந்த மனுஷனோட வாயை நான் முப்பது வருஷமா பாத்திருக்கேன். விசாரணையில அது இப்படித்தான் ஒரு பக்கமா கோணும்.

"எங்க இருக்கு?"ன்னார்.

"அக்கா தலைமாட்டுல. கட்டில் பலகைக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு மரச்சட்டம் இருக்குல்ல, அது மேல."

அண்ணி தலை வச்சுப் படுக்கற இடம். மூக்குக்கு ஒரு ஜாண் தூரம். ரெண்டு வாரத் தூசி.

செக்கர் வாய் திறந்துச்சு. "எப்படித்..."ன்னு வந்துச்சு. பெட்டி மேல அண்ணி அசைஞ்சாங்க. கறாரம்மா பையைத் தோள்ல மாட்டப் போனா.

"எப்படித் துடைக்கணும் அதை?"ன்னு முடிச்சார்.

கறாரம்மா ஈரத்துணியை நீட்டினா. "பிழிஞ்சு, ஒரே பக்கமா இழுங்க. முன்னும் பின்னும் தேய்க்காதீங்க, பறக்கும். கம்மலை முதல்ல நீங்களே எடுத்துடுங்க. நான் தொட மாட்டேன்."

அவரே எடுத்தார். அவரே துடைச்சார். துணி கறுப்பா வந்துச்சு. அண்ணி உள்ளே போய் அந்தத் துணியைப் பாத்தாங்க, அப்புறம் அவளைப் பாத்தாங்க. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"வீட்டுக்காரர் வச்ச பொறியை வீட்டுக்காரம்மாகிட்ட சொன்னா யாருக்கு வேலை போகும்க்கா?"

அண்ணி அந்தத் துணியை அவர் கையிலேர்ந்து வாங்கி வாளியில போட்டாங்க. முப்பது வருஷம் சங்க மேடையில பேசின நான், அந்த வாளியைத் தூக்கிட்டுப் போய் அழுக்குத் தண்ணியைக் கொட்டிட்டு வந்தேன்.

அண்ணி தங்கச்சி வீட்டுக்குப் போகல. கறாரம்மாவும் வேலையை விடல. தினமும் எண்பதுதான். மாசத்துல ஒரே ஒரு நாள் செக்கர் நூத்தி இருபது குடுத்துட்டு அவ பின்னாடியே சுத்துவார். மத்தவங்க சினிமாவுக்குப் போற மாதிரி அவருக்கு அது. இருமல் குறைஞ்சிருக்கு, ஆனா நிக்கல. இனி நிக்கும்னு டாக்டரும் சொல்லல.

அந்தப் பெட்டியை மட்டும் அண்ணி இன்னும் பிரிக்கல. கதவோரம் பூட்டின மேனிக்கே இருக்கு. செக்கர் போகும்போதும் வரும்போதும் லேசாத் தூக்கிப் பாக்கறார், கனம் கூடியிருக்கா குறைஞ்சிருக்கான்னு. உள்ளே என்ன இருக்குன்னு கேக்க அவருக்கு தைரியம் இல்ல. கறாரம்மா தினமும் அதை நகத்தி, அடியில துடைச்சுட்டு, இருந்த இடத்துலேயே வச்சுட்டுப் போறா.