சத்தம் மட்டும் சுத்தமாக

என் அண்ணனுக்குத் தெருவில் 'சுருக்கர்' என்று பெயர். வைத்தது நான்தான். யார் வீட்டு விசேஷமானாலும் படம் எடுத்து, வெட்டி ஒட்டி, எந்தப் போனிலும் தங்குதடையில்லாமல் ஓடும்படி வீடியோவைச் சுருக்கி லிங்க் அனுப்புவது அவர் தொழில். லைட் பிடிப்பது என் வேலை. அந்தத் தொழில் புத்தி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. நாலு பேர் துணியை ஒரே பையில் அடைப்பார். அண்ணி மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்ன பெரிய கதையைக் கேட்டுவிட்டு, "சுருக்கமா, என் மேல கோபம். அவ்வளவுதானே?" என்பார். அண்ணி அதற்கப்புறம் இரண்டு நாள் பேசவில்லை. அவருக்கு அதுவும் வசதியாகத்தான் இருந்தது.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. "படம் கொஞ்சம் மங்கினா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. சத்தம் கரகரன்னு இருந்தா போன் போட்டுத் திட்டுவாங்க." அதனால் படத்தில் தாராளமாகக் கை வைப்பார், சத்தத்தைத் தொடவே மாட்டார். இத்தனை வருஷத்தில் யாரும் குறை சொன்னதில்லை. தலைக்கனம் ஏறுவதற்கு அது போதாதா?

ஒரு நாள் எங்கள் தெருக்கோடியில் மேசை நாற்காலி செய்யும் தச்சர் எங்கள் வீடியோக் கடைக்கு வந்தார். அவருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. கையால்தான் பேசுவார். கூட வந்த சின்ன மகளுக்குக் கேட்கும், பேசுவாள். பெரிய மகளுக்கும் அப்பாவைப் போலக் காது கேட்காது, கைப்பேச்சுதான். அவர் வேண்டாமென்று சொன்னவனைக் கட்டிக்கொண்டு வேறு தேசத்துக்குப் போனவள். மூன்று வருஷமாக அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"அப்பா இப்பத்தான் இறங்கி வந்திருக்காரு. அக்காகிட்ட பேசணுமாம். நான் போன்ல எடுத்தா கை பாதி வெளிய போயிடுதுண்ணா. நீங்க நல்லா எடுத்துக் குடுங்க. அக்கா இருக்கற இடத்துல நெட் ரொம்ப மோசம், அதனால ஃபைல் சின்னதா இருக்கணும்" என்றாள் சின்னவள்.

சின்னது என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணனுக்கு வாயெல்லாம் பல். "சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கம்மா."

தச்சர் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி வந்திருந்தார். அண்ணன் வழக்கம்போல மைக்கை எடுத்து, கழுத்தைக் கொஞ்சம் தூக்கச் சொல்லிச் சைகை காட்டி, சட்டையில் மாட்டினார். அவரும் நல்ல பிள்ளை மாதிரி மோவாயை உயர்த்திக் காட்டினார். எனக்காவது உறைத்ததா? இல்லை. நான் லைட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தச்சர் சின்னவளை வெளியே போகச் சொல்லிக் கை காட்டினார். "அக்காவுக்கு மட்டுமாம்" என்று சிரித்துக்கொண்டே போனாள். அந்த மொழி தெரியாத நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். தச்சர் கால் மணி நேரம் பேசினார். விரல்கள் பறந்தன, நெஞ்சைத் தொட்டன, ஒரு இடத்தில் அந்தரத்திலேயே நின்றன. ஒன்றும் புரியாமலே நான் லைட்டை மறந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெட்போன் மாட்டியிருந்த அண்ணன் கட்டைவிரலை உயர்த்தி, "ஃபேன் சத்தம்கூட விழல, அருமை!" என்றார்.

பிறகு சுருக்க உட்கார்ந்தார். நொடிக்கு இருபத்தைந்து படமாக ஓடியதைப் பன்னிரண்டாக்கினார். அளவை இன்னும் குறைத்தார். வேகமாகப் போன கையெல்லாம் கரைந்துபோனது. அதை அவர் கவனிக்கவில்லை, முகம் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தார். சத்தமே இல்லாத வீடியோ வெறிச்சென்று இருக்கிறது என்று புல்லாங்குழல் இசை வேறு சேர்த்தார். லிங்க் போனது. அடுத்த வேலைக்கு இடம் வேண்டும் என்று எப்போதும்போல முதலில் எடுத்த மூல வீடியோவை அழித்துவிட்டார்.

அதற்கப்புறம் கடையைத் தாண்டும்போதெல்லாம் தச்சர் நின்று புருவத்தை உயர்த்துவார். பதில் ஏதாவது வந்ததா என்று கேட்கிறார். லிங்க் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அண்ணன் கட்டைவிரலைக் காட்டுவார். அவர் தலையாட்டிவிட்டுப் போவார். நாளுக்கு நாள் அந்த நடை தளர்ந்துகொண்டே வந்தது.

கடைசியில் சின்னவள் தனியாக வந்து, அக்கா அனுப்பிய செய்தியை நீட்டினாள். 'அப்பா கை புகை மாதிரி இருக்கு. என்னைக் கூப்பிடற இடம் மட்டும் தெரியுது. மத்தது எதுவும் புரியல. திட்டறாரா, வான்னு சொல்றாரா? திருப்பிக் கேக்கவும் பயமா இருக்கு.'

அண்ணன், "நெட்டு..." என்று ஆரம்பித்தார். அவள் போனை இன்னும் கிட்டே நீட்டினாள்.

"புல்லாங்குழல் யாருக்குண்ணா போட்டீங்க?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.  அண்ணன் எழுந்து கேமராப் பையைத் தோளில் மாட்டினார். "வா" என்று என்னிடம் ஒரே சொல்.

தச்சர் வீட்டுக் கூடத்தில் மரச்சீவல் காலில் ஒட்டியது. அவர் இழைப்புளியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார். சுருக்காமல் பேசினார். 'கையைத்தான் காப்பாற்றியிருக்க வேண்டும், நான் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன், மூலமும் இல்லை, அழித்துவிட்டேன், நான் ஒரு முட்டாள்' என்று தரையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, தலையத் தூக்குங்க. குனிஞ்சா அப்பாவுக்கு எப்படித் தெரியும்? மூஞ்சியப் பாத்துத்தான் அவர் புரிஞ்சுக்குவாரு" என்றாள் சின்னவள்.

அண்ணன் தூக்கினார். வெட்கப்பட்ட மனுஷனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. கண் கலங்கி, மூக்கு சிவந்து, அந்த முகத்தை அவருக்கு நேராகப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். சின்னவள் பக்கத்தில் நின்று கையால் சொல்லிக்கொண்டே வந்தாள். தச்சர் அவள் கையைக் கொஞ்சமும் அண்ணன் முகத்தை நிறையவும் பார்த்தார். பிறகு அவர் கைகள் சுழன்றன.

"என்னம்மா சொல்றாரு?" என்றார் அண்ணன்.

"நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கே புரிஞ்சிருக்குமே."

புரிந்தது. திட்டு எங்கள் இருவருக்கும் நன்றாகவே புரிந்தது.

தச்சர் சட்டென்று உள்ளே போனார். அவ்வளவுதான், கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். அதே நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தத் தடவை எதையும் வெட்ட மாட்டேன், சுருக்க மாட்டேன். போய்ச் சேர ஒரு நாள் முழுக்க ஆனாலும் சரி, அப்படியே அனுப்பறேன்" என்று அண்ணன் அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுக் கேமராவை எடுக்கப் பையைத் திறந்தார்.

பை திறப்பதைத் தச்சர் பார்த்தார். போன தடவை நாங்கள் பழக்கியபடியே, மோவாயை உயர்த்தி, மைக் மாட்ட வசதியாகச் சட்டைக் கழுத்தைத் தன் கையாலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

அண்ணன் தலை மறுபடியும் குனிந்தது.

"அண்ணா, மூஞ்சி" என்றாள் சின்னவள்.