காஸ்பரின் நல்ல வாய்

ஊரே நல்லவர் என்று சொல்லும் ஒருவரால் யாருக்கு என்ன நன்மை? செஞ்சியில் மல்லாட்டை என்னும் நிலக்கடலை மூட்டை ஏற்றும் மாட்டுவண்டிக்காரர் காஸ்பர் இந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. அவர் வாழ்க்கைதான் கேட்டது.

அவருக்கு நல்ல பெயர் வந்த வழி எளிது. ஐம்பது வயது வரை யாரைப் பற்றியும் ஒரு கெட்ட சொல் சொல்லவில்லை. குடிகாரனை "உடம்பு கொஞ்சம் அசதி" என்பார். அடுத்தவர் கொல்லையில் புல் அறுத்தவளை "சுறுசுறுப்பு" என்பார். ஒரு வரப்புத் தகராறில் இரண்டு தரப்பும் அவரையே சாட்சிக்கு அழைத்தன; இரண்டும் திருப்தியோடு திரும்பின. வரப்பு மட்டும் தீராமல் கிடந்தது. ராஜகிரிக் கோட்டை உச்சியில் ஏறித் தேடினாலும் காஸ்பருக்கு ஒரு விரோதி அகப்படமாட்டான் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். நல்லவனுக்கும் கெட்டதைச் சொல்லப் பயந்தவனுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க ஊருக்கு எங்கே நேரம்?

வண்டி நாலு ஊர் போய்வருவதால், பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளையைப் பற்றி அவரிடம்தான் விசாரிப்பார்கள். 1946இல் விதவை அருளம்மாளும் வந்தாள்.

"அண்ணே, மரியசெல்விக்குத் திண்டிவனத்துல ஒரு எடம் வந்திருக்குது. எண்ணெ மில்லுல வேலையாம். செபாஸ்தியான்னு பேரு. பையன் எப்டிண்ணே?"

காஸ்பருக்கு அவனைத் தெரியும். அந்த மில்லில் மூட்டை இறக்கும்போது, வாசலில் தூக்குச்சட்டியோடு ஒரு பெண் நிற்பதையும், அவள் இடுப்புக் குழந்தை "நைனா" என்று செபாஸ்தியானிடம் தாவுவதையும் மூன்று முறை பார்த்திருக்கிறார். அவள் அவன் பெண்சாதி என்று காவல்காரனே சொல்லியிருக்கிறான்.

"நல்ல புள்ளதாம்மா" என்றார் காஸ்பர்.

"நீங்க சொன்னா போதும்ணே."

அடுத்த மாதம் கோயிலில் ஓலை வாசித்தார்கள். கத்தோலிக்கக் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்கள் பெயரைச் சாமியார் வாசிப்பார். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லியாக வேண்டும். முதல் ஞாயிறு காஸ்பருக்கு இருமல் வந்தது. இரண்டாம் ஞாயிறு, ஓலை எடுத்ததும் மாட்டைப் பார்க்க வெளியே போய்விட்டார். மாடு நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் ஞாயிறு எழுந்து நின்றார்.

"தடை இருக்குது சாமி. அவனுக்குப் பொண்டாட்டி புள்ள இருக்குது."

அருளம்மாளின் தம்பி அமிர்தசாமி பாய்ந்து எழுந்தான். "இத்தினி நாளு வாயில இன்னா, கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

சாமியாருக்குக் காஸ்பர் மேல் பிரியம். கையமர்த்தி, தாமே வழி போட்டுக் கொடுத்தார். "சும்மா இருப்பா. காஸ்பர் நேத்துத்தான் திண்டிவனத்துலேருந்து வந்தாரு. அங்க இப்பத்தான் கேள்விப்பட்டிருப்பாரு. அப்படித்தானே காஸ்பர்?"

கோயிலே அவருக்காகத் தலையாட்டியது. அவரும் ஒருமுறை ஆட்டினால் போதும். பெண்ணும் தப்புவாள், பெயரும் தப்பும்.

"இல்ல சாமி. அருளம்மா வந்து கேட்டப்பவே தெரியும்."

சாமியார் திண்டிவனத்துக்குக் கடிதம் எழுதினார். அங்குள்ள கோயில் ஏட்டில் செபாஸ்தியானின் கல்யாணம் பதிவாகியிருந்தது. மரியசெல்வி தப்பினாள். அருளம்மாள் நன்றி சொல்லவில்லை. காஸ்பர் வீட்டுத் தெருவழியாகப் போவதை நிறுத்திக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. வல்லத்திலிருந்து சிங்கவரம் வரை, காஸ்பர் வாக்கை நம்பிப் பெண் கொடுத்தவர்களெல்லாம் அவசரமாகத் தங்கள் மருமகன்களை மறுபடி விசாரிக்கக் கிளம்பினார்கள். குடிகாரர்கள் இரண்டு பேர், சூதாடி ஒருவன் அகப்பட்டார்கள். அவர்கள் மனைவிமாருக்கு அது பல வருஷத்துச் செய்தி.

ஐம்பது வருஷம் உண்மையை விழுங்கியவருக்கு ஊர் நல்லவர் என்று பேர் வைத்திருந்தது. முதல்முறை அதை முழுசாகச் சொன்ன அன்று, பொய்யன் என்று மாற்றி வைத்தது. பிறகு யாரும் அவரைச் சாட்சிக்கு அழைக்கவில்லை. மூட்டைக்கு மட்டும் அழைத்தார்கள்.

சில மாதம் கழித்துச் சாமியார் அவரை வழியில் நிறுத்தினார். "ஒரு தலையாட்டுப் போதுமே காஸ்பர். ஏன் அப்படிச் சொன்னே?"

காஸ்பர் நுகத்தடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாடு காத்துக்கினு இருக்குது சாமி" என்றார். வண்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.